முப்பத்தொரு தப்பு நாட்கள்

அத்தியாயம் 6

அந்த மொட்டைக் கடிதத்தில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. தமிழினியை முதலில் உறுத்தியது அதுதான்.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், செல்போன் கடைக்கு மேல் மாடியில், பதினோரு வருடமாக அவள் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். மாப்பிள்ளை விசாரணை, காணாமல் போன டிராக்டர், பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போய்த் திரும்பாத டிரைவர் என்று வருகிற வழக்கெல்லாம் அந்த ரகம். இந்தப் பதினோரு வருடத்தில் படித்த மொட்டைக் கடிதங்களுக்கு அவளிடம் கணக்கே இல்லை. எதுவானாலும் மூன்றாவது வரிக்குள் எழுதியவரின் வயிற்றெரிச்சல் எட்டிப் பார்த்துவிடும். யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள், யார் எந்த அதிகாரிக்கு வாழைத்தார் கொடுத்தார் என்று ஏதாவது ஒன்று இருக்கும். இதில் இரண்டே வரிதான்.

"கொட்டகைப் பதிவேட்டில் கீழ்க்கண்ட நாட்களில் எழுதியிருக்கும் வெப்பம் தவறு. அதை நம்ப வேண்டாம்."

அதற்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக் கட்டம் கட்டி, முப்பத்தொரு தேதிகள். பெயர் இல்லை, ஊர் இல்லை.

"புது ஆளா இருப்பாரு மேடம்," என்றான் உதவியாளன் திலீபன். "மொத லெட்டர்ல யாருக்கும் திட்ட வராது. பழகப் பழகத்தான் வரும்."

தமிழினி கடிதத்தை மடித்து வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண், இன்னும் ஒரு வார்த்தை யாராவது ஆறுதலாகச் சொன்னால் அழுதுவிடுகிற நிலையில் இருந்தாள். ஆகவே தமிழினி ஆறுதல் எதுவும் சொல்லாமல், தண்ணீர் பாட்டிலை மட்டும் நகர்த்தி வைத்தாள்.

பெண்ணின் பெயர் காவியா. கம்மாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தாள். கல்லூரியில் புள்ளியியலில் ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். மனிதர்கள் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஏறிக்கொண்டே போகும் வெப்பத்துக்கும் உள்ள உறவை எண்களில் பிடிப்பதுதான் அவள் ஆய்வு. உலகக் கணக்கு முழுவதும் இணையத்தில் கிடைக்கிறது. நம் பக்கத்து வெப்பம் அந்தக் கோட்டோடு ஒட்டிப் போகிறதா, விலகிப் போகிறதா என்று பார்க்க அவளுக்கு உள்ளூர்ப் பதிவுகள் தேவைப்பட்டன. அலைந்து தேடியபோது இந்த ஊரிலேயே ஒன்று அகப்பட்டது.

சிட்கோ தொழிற்பேட்டை பக்கத்தில் ஒரு செராமிக் யூனிட். சுடுவதற்கு முன் பச்சைக் களிமண் சாமான்களை அங்கே கொட்டகையில் காய வைப்பார்கள். வெயில் கூடினால் சாமான் வெடித்துவிடும், குறைந்தால் காயாது. அதனால் கொட்டகைத் தூணில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டி, தினமும் காலை எட்டரைக்கு எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் பழைய முதலாளி. 1989 முதல் 2019 வரை முப்பத்தொரு வருடம் எழுதியிருக்கிறார்கள். காய வைக்கும் மெஷின் வந்த பிறகுதான் அந்த வேலை நின்றது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கொட்டகை மேஸ்திரி ஜம்புலிங்கத்தின் கையெழுத்து இருக்கிறது. போன வருடம் ஒரு பத்திரிகை அவரைப் பற்றி எழுதியது. கல்லூரி அவருக்குச் சால்வை போர்த்தியது.

போன வாரம் இந்தக் கடிதம் கல்லூரிக்கு வந்தது. குழு போட்டார்கள், பார்த்தார்கள். கடிதத்தில் சொன்ன நாட்களில், மழைக்காலத்துக் காலை எட்டரை மணிக்கு நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு டிகிரி என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பாக ஏதோ அழித்துத் திருத்தியதுபோல் கறை. பதிவேடே ஜோடித்தது, ஆய்வுக்கு ஏற்ற மாதிரி யாரோ உட்கார்ந்து எழுதியது என்று குழு கிட்டத்தட்ட முடிவு கட்டிவிட்டது. இன்று மூன்று மணிக்குக் கடைசி விசாரணை. விளக்கம் சொல்ல முடியாவிட்டால் ஆய்வேடு ரத்தாகும், அவளும் வெளியே போகவேண்டியதுதான்.

"இந்தப் பதிவேட்டைத் தூக்கிப் போட்டுட்டா?" என்று கேட்டாள் தமிழினி.

"ஒரு அத்தியாயம் போவும் மேடம். அதப் பத்தி இல்ல. பொய்க் கணக்குப் போட்டவன்னு பேரு வந்துட்டா, அப்புறம் நான் போடுற எந்தக் கணக்க யாரு நம்புவாங்க?"

திலீபனுக்கு ஒரு சந்தேகம். இருபது வருடமாகத் தன் தொப்பையும் ஏறிக்கொண்டுதான் வருகிறது, கார்பன் டை ஆக்சைடும் ஏறுகிறது, அப்படியென்றால் இரண்டுக்கும் உறவு உண்டா என்று கேட்டான். வழக்கு கொண்டுவருகிறவர்களைச் சிரிக்க வைப்பதாக நினைத்து அவன் இப்படி எதையாவது கேட்பான். பெரும்பாலும் யாரும் சிரிப்பதில்லை. காவியா சிரிக்காவிட்டாலும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான் என்றாள்.

"ரெண்டு பேரு மாடி ஏறுறாங்கங்கறதுக்காகச் சொந்தக்காரங்கன்னு சொல்லிட முடியாது சார். ஒருத்தரு நின்னப்ப இன்னொருத்தரு நின்னாரா, வேகமா ஏறுனப்ப கூட ஏறுனாரான்னு பாக்கணும். அதுக்குத்தான் நாங்க பொதுவான ஏத்தத்தக் கழிச்சிட்டுப் பாக்குறோம். அதுக்கு மேல, அந்தக் காத்து சூட்டப் புடிச்சு வெச்சுக்கும்னு நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே சோதனை பண்ணிப் பாத்திருக்காங்க. உங்க தொப்பைய யாரும் சோதனை பண்ணல."

தமிழினிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

திலீபன் விடவில்லை. கொரோனா வருடத்தில் வண்டியே ஓடவில்லையே, அப்போது குளிர்ந்திருக்க வேண்டாமா என்றான். தொட்டிக்கு வரும் குழாயைக் கொஞ்சம் மூடினால் தண்ணீர் மெதுவாக ஏறுமே தவிர இறங்காது என்று விளக்கினாள் காவியா. இதுவரை விட்டதெல்லாம் மேலேயே சேர்ந்து கிடக்கிறது. உலக வெப்பம் ஒரு வருடத்துப் புகையோடு அல்ல, சேர்ந்த மொத்தப் புகையோடுதான் ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது. ஒரு ஊர்த் தெர்மாமீட்டரை வைத்து உலகத்தைப் பற்றிச் சொல்ல முடியாது என்பதையும் அவளே சொன்னாள். பத்து ஊர்ப் பதிவுகளில் இது ஒன்று, அவ்வளவுதான்.

"இந்த முப்பத்தொரு நாளை நீ ஏன் கவனிக்கல?" என்று கேட்டாள் தமிழினி.

காவியா தலையைக் குனிந்துகொண்டாள். மாதச் சராசரி எடுத்தபோது அது அமுங்கிவிட்டது, ஒவ்வொரு நாளாகத் தான் பார்க்கவில்லை, அது தன் தப்புதான் என்றாள். கடிதம் வந்த பிறகுதான் கம்ப்யூட்டரில் போட்டுத் தேடினாள். முறை தவறிய எண்கள் மொத்தம் முப்பத்தொன்றுதான் தேறின. அந்த முப்பத்தொன்றும் கடிதத்தில் இருந்தன. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

தமிழினி கடிதத்தை மறுபடி எடுத்தாள். "பதினோராயிரத்துச் சொச்சம் நாளு. அதுல முப்பத்தொரு தப்ப, கம்ப்யூட்டர் இல்லாம, கோடு போட்டு எழுதியிருக்காங்க. ஊரு முழுக்கத் தேடவேண்டாம் திலீபா. இந்தப் பதிவேடு கூடவே இருந்த ஆளு."

---

யூனிட்டின் இப்போதைய முதலாளி சாமிதுரை, பழைய முதலாளியின் மகன். ஐம்பது வயது, எதற்கும் பதறாத மனிதர். பீங்கான் ஃபியூஸ் கேரியர்கள் அடுக்கிய பலகைகளுக்கு நடுவே மூவருக்கும் ஸ்டூல் போட்டு டீ வரவழைத்தார். காவியா துணிப்பையிலிருந்து மூன்று தடித்த பதிவேடுகளை எடுத்து வைத்தாள்.

திலீபன் உள்ளே நுழைந்ததுமே வழக்கை முடித்துவிட்டான். கொட்டகைக்கு இருபதடி தள்ளிச் சூளை இருந்தது. சூளை எரிந்த நாட்களில் தெர்மாமீட்டர் சூடாகியிருக்கும், இதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் எதற்கு, மூக்கு இருந்தால் போதும் என்றான்.

சாமிதுரை மறுப்புச் சொல்லாமல் அலமாரியிலிருந்து சூளை நோட்டுகளை எடுத்துவந்தார். என்றைக்குச் சூளை பற்றவைத்தார்கள், என்றைக்கு அணைத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. திலீபன் தேதிகளைப் படிக்க, அவர் பக்கம் புரட்டினார். 2015, அக்டோபர் 21. சூளை இல்லை. 2016, அக்டோபர் 10. இல்லை. 2018, அக்டோபர் 18. அன்றும் இல்லை. பத்துத் தேதிகள் பார்த்த பிறகு திலீபனின் குரல் இறங்கிவிட்டது. வருடத்தில் முந்நூறு நாளாவது எரியும் சூளை, சரியாக அந்த நாட்களிலெல்லாம் அணைந்து கிடந்தது.

"சூளை எரியாத நாள்ல பாத்துத்தான் சூடு ஏறியிருக்குது," என்றாள் தமிழினி. குரலில் சந்தோஷம் இருந்தது. முரண்பாடு கிடைத்துவிட்டால் அவளுக்குப் பசிகூட எடுக்காது. "வருஷத்துக்கு ஒரே நாளு. செப்டம்பர் கடைசிக்கு முன்னாடி இல்ல, அக்டோபருக்கு அப்பால இல்ல. மேல படி."

"2017, செப்டம்பர் 29." திலீபன் நிறுத்தினான். முழங்கையைத் தடவிக்கொண்டான். "மேடம், இந்தத் தேதி எனக்குத் தெரியும். என் மொத பைக்குக்குப் பூஜை போட்ட நாளு. பூசணிக்கா ஒடச்சு, அந்தப் பூசணிக்கா மேலயே வண்டிய வுட்டு வழுக்கி விழுந்தேன். ஆறு வாரம் கட்டு."

தமிழினி அவனையே பார்த்தாள். பிறகு போனை எடுத்து ஒவ்வொரு வருடத்துக் காலண்டராகத் தேடினாள். நான்காவது வருடத்தோடு நிறுத்திவிட்டாள்.

"ஆயுத பூஜை," என்றாள். "முப்பத்தொண்ணும் ஆயுத பூஜை."

காவியா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆய்வு முழுவதும் ஆங்கிலத் தேதியில் ஓடியது. வருடா வருடம் இடம் மாறும் அந்த நாள் அவள் கணக்கில் ஒரு தடவைகூடப் பிடிபடவில்லை. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் பொரி தின்றிருக்கிறாள், அதுதான் வேடிக்கை.

பதிவேட்டில் அந்த வரிகளின் பக்கத்தில் இருந்த சிவப்புக் கறையைத் தமிழினி விரல் நுனியால் தேய்த்தாள். விரலில் தூளாக ஒட்டியது. குழு சொன்ன திருத்தல் மை குங்குமமாக இருந்தது.

மிச்சத்தைச் சாமிதுரை சொன்னார். அன்று சூளையை அணைத்துவிட்டு, அச்சு, கத்தி, சல்லடை, தராசு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். தூணிலிருந்து தெர்மாமீட்டரையும் கழற்றி, சின்னச் சாமான் என்பதால் முன்வரிசையில், குத்துவிளக்கை ஒட்டி வைப்பார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை கையால் எடுக்கக் கூடாது. பதிவேட்டில் ஒரு நாள் காலியாக இருந்தாலும் அப்பா கத்துவார். அதனால் மேஸ்திரி சூடம் காட்டி முடிந்ததும் குனிந்து, வைத்த இடத்திலேயே பார்த்து, குங்குமக் கையோடு எழுதிவிடுவார்.

"விளக்கோட சூட்ட எழுதியிருக்காரு," என்று திலீபன் எழுந்தான். "கேஸு முடிஞ்சுது. வாங்க, சாப்புட்டுட்டு மூணு மணிக்குப் போவோம்."

தமிழினி எழவில்லை. இது பாதிதான் என்றாள். குழுவுக்குப் பூஜைக் கதையை இவர்கள் சொன்னால் நல்ல கற்பனை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பதிவேடு எழுதியவர் வரவேண்டும். கடிதம் எழுதியவர் யார் என்றும் தெரியவேண்டும். அது தெரியாதவரை, பதிவேட்டின் ரகசியம் தெரிந்த ஒருவர் அதைப் பொய் என்கிறார் என்றுதான் ஆகும்.

அவள் பக்கங்களை மெதுவாகப் புரட்டினாள். அநேகமாக ஒவ்வொரு பக்க ஓரத்திலும் வெள்ளையாகக் களிமண் பதிந்திருந்தது. சின்னக் கட்டை விரல். குங்குமம் இருந்த வரிகளில் மட்டும் களிமண் இல்லை.

"மேஸ்திரி எப்படிங்க, வேலைல?"

"தங்கமான மனுசன். ஆறடி இருப்பாரு, எங்க ஆபீஸ் ரூமுக்குள்ள குனிஞ்சுதான் வருவாரு. வெள்ளச் சட்ட கசங்காம வேல வாங்குவாரு. களிமண்ணுல கை வெச்சு நான் பாத்ததே இல்ல," என்று சிரித்தார் சாமிதுரை.

தெர்மாமீட்டர் மாட்டிய ஆணி இன்னும் தூணில் இருந்தது. வெளியே போகும்போது தமிழினி அதன் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றாள். ஆணி அவள் கண் மட்டத்துக்கும் கீழே இருந்தது. அவள் ஐந்தடி மூன்று அங்குலம்.

---

ஆலடி ரோட்டில் ஜம்புலிங்கத்தின் வீடு. அறுபத்தெட்டு வயதிலும் ஆள் நெட்டையாக, நிமிர்வாக இருந்தார். கல்லூரி போர்த்திய சால்வையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார். பத்திரிகைத் துண்டு அதற்குக் கீழே. தெருவில் எல்லோரும் தன்னைத் தெர்மாமீட்டர் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். அவர் மனைவி ராஜாம்பாள் மூவருக்கும் மோர் கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றாள். குள்ளமான பெண். அதே யூனிட்டில் கொட்டகை வேலைக்குத் தினக்கூலியாகப் போனவள்.

வழியெல்லாம் திலீபன் ஒரு வாதத்தைத் தயார்செய்து வைத்திருந்தான். தப்பு எந்த நாளில் என்று தப்பை எழுதியவருக்குத்தான் தெரியும். ஆகவே கடிதம் எழுதியது மேஸ்திரிதான். மனசாட்சி உறுத்தியிருக்கும். தமிழினி அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாளே தவிர ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது அவள் கடிதத்தை ஜம்புலிங்கத்திடம் நீட்டி, இந்த நாட்களில் எழுதியது தப்பு என்கிறார்களே என்று மட்டும் கேட்டாள்.

அவர் படித்தார். முகம் சிவந்தது. பயத்தால் அல்ல, கோபத்தால்.

"எப்படிங்க தப்பாவும்? ஆயுத பூஜை அன்னைக்குத் தவறாம நானே குனிஞ்சு, என் கண்ணால பாத்து எழுதுனது. சாமி முன்னாடி பொய் எழுதுவனா?"

"நாப்பத்து மூணு இருந்துதுங்களா?"

"இருந்துதே."

"மொத நாளு எவ்வளவு இருந்துது? சாதாரணமா புரட்டாசி, ஐப்பசில காலைல எட்டரைக்கு எவ்வளவு இருக்கும்?"

ஜம்புலிங்கம் சால்வையைப் பார்த்தார். மோர் டம்ளரைப் பார்த்தார். "அது... ஒரு நாப்பது இருக்கும்," என்றார்.

"இருபத்தெட்டு," என்று சமையலறை வாசலிலிருந்து சத்தம் வந்தது. "மழ பேஞ்சிருந்தா இருபத்தாறு."

சொன்ன பிறகுதான் ராஜாம்பாளுக்குத் தான் பேசிவிட்டது தெரிந்தது. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

தமிழினி அவசரப்படவில்லை. ஒரு எண் தப்பு என்று தெரியவேண்டுமென்றால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் தெரிந்திருக்க வேண்டும் என்றாள். நேற்று இருபத்தெட்டு எழுதிய கை இன்று நாற்பத்து மூன்று எழுதாது, எழுதினால் நடுங்கும். ஐயாவுக்கு நேற்று எவ்வளவு என்று தெரியாது. அதனால் அவருக்கு இன்றைக்கு எழுதியது தப்பாகத் தெரியவில்லை. அந்த ஒரு நாள் தவிர, கட்டை விரல் களிமண்ணோடு எழுதிய மிச்ச நாள் அத்தனையும் எழுதியவர் வேறு.

"நீங்கதான எழுதுனீங்கம்மா? பதிவேட்டையும், லெட்டரையும்?"

ராஜாம்பாள் வந்து தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பதிவேடு தொடங்கிய முதல் நாளே, முதலாளி அவரிடம் சொன்ன அந்த வேலை அவள் கைக்கு வந்துவிட்டது. காலை ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் நேரத்தில் அவருக்குத் தூணுக்குப் போக முடியாது. அவள் எப்படியும் கொட்டகையில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகூடப் போய்ப் பார்த்து எழுதினாள். ஆயுத பூஜை அன்று மட்டும், மொத்த யூனிட்டுக்கும் சுண்டல் செய்யும் பொறுப்பு அவளுடையது, அதனால் காலையில் வரமுடியாது. மறுநாள் வந்து பதிவேட்டைத் திறந்தால் நாற்பத்தொன்றோ நாற்பத்து நாலோ உட்கார்ந்திருக்கும். சிரிப்பு வரும். மேஸ்திரி எழுதியதை அடிக்கவும் முடியாது. அதனால் அந்தத் தேதிகளை மட்டும் தனி நோட்டில் குறித்து வைத்தாள்.

"இந்தப் பாப்பா பொஸ்தகம் போடப் போவுதுன்னு சொல்லிச்சு. உலகத்துச் சூட்டுக் கணக்கோட சேக்கப் போவுதாம். அதுல தப்பு நம்பரு போனா ஊரு ஊருக்குத் தப்பாப் போவுமில்ல. பாப்பா வந்தப்பல்லாம் இவரு பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. எப்படிச் சொல்றது? பதிவேடு வாங்கிட்டுப் போனதுக்கு ரசீது குடுத்துது, அதுல காலேஜ் அட்ரஸ் இருந்துது. போட்டுட்டேன்."

"பேரு ஏம்மா போடல?" என்றான் திலீபன்.

"பதிவேட்டுலயே என் பேரு இல்லையே தம்பி."

புகார் என்று எல்லோரும் நினைத்த கடிதம், கணக்கு எழுதியவளே கணக்கைத் திருத்தி அனுப்பிய சீட்டு. காவியாவுக்கு அது புரிந்ததும், ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. அந்தக் கடிதத்தால் காவியாவின் படிப்பே போகவிருந்தது என்று தமிழினி சொன்னபோது ராஜாம்பாள் பதறிப்போனாள். நல்லது செய்வதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

மணி இரண்டாகியிருந்தது. குழுவுக்கு முன்னால் வந்து அந்தக் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள் தமிழினி. ராஜாம்பாள் மறுத்தாள். நான் வந்து கையெழுத்துப் போட்டால் இவர் மானம் போகும், தெருவில் எப்படி நடப்பார் என்றாள். வேண்டுமானால் இன்னொரு கடிதம் எழுதித் தருகிறேன், பேர் இல்லாமல்.

பேர் இல்லாமல் எழுதியதால்தான் இவ்வளவும் என்று திலீபன் முணுமுணுத்தான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. எல்லோரும் ஜம்புலிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுந்தார். சுவரிலிருந்த சால்வைச் சட்டத்தைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு காவியாவிடம் கொடுத்து, பத்திரமாகப் பிடித்துக்கொள், அங்கே திருப்பித் தரவேண்டும் என்றார்.

"ஏ ராஜாம்பா. பொடவைய மாத்து. நேரமாவுது."

---

குழுவின் தலைவர் பேராசிரியர் பாலகிருஷ்ணன் லேசில் எதையும் நம்புகிறவர் அல்ல. ராஜாம்பாளிடம் ஒரு தாளைக் கொடுத்துப் பத்து எண்களை எழுதச் சொன்னார். அவள் முதலில் பென்சில் கேட்டு வாங்கிக் கோடு போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்தவுடனேயே அவர் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டார். எண்களைப் பார்ப்பதற்கு முன்பே பாதி நம்பிவிட்டார் என்று தமிழினிக்குத் தோன்றியது. அவள் எழுதிய எண்களின் சாயலும் பதிவேட்டு எண்களின் சாயலும் ஒன்றாக இருந்தன. காலண்டர், சூளை நோட்டு, குங்குமம் என்று தமிழினி ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள்.

கையெழுத்து உங்களுடையதாக இருக்கிறதே, இவர் எழுதினார் என்றால் எப்படி என்று பாலகிருஷ்ணன் ஜம்புலிங்கத்திடம் கேட்டார். அவர் நின்றபடியே பதில் சொன்னார்.

"மாசக் கடைசில கையெழுத்து மட்டும் என்னுதுங்க. நாளு கணக்கெல்லாம் இவ எழுதுனது. நான் எழுதுனது முப்பத்தொரு நாளு. அந்த முப்பத்தொண்ணும் தப்பு."

அறையில் யாரோ சிரிக்கத் தொடங்கி, ஜம்புலிங்கத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ராஜாம்பாள் புருஷனின் முழங்கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

ஆய்வேடு ரத்தாகாது என்று பாலகிருஷ்ணன் சொன்னார். ஆனால் அந்த முப்பத்தொரு நாட்களையும் எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று எழுதி, பதிவு செய்தவரின் பெயரைச் சரியாகப் போட்டு, கணக்கை மறுபடி ஓட்ட வேண்டும். காவியா அங்கேயே லேப்டாப்பைத் திறந்தாள். பதிவேட்டை எழுதியவர் என்ற இடத்தில் இருந்த பெயரை அழித்தாள். அப்பா பெயரின் முதலெழுத்து என்ன என்று ராஜாம்பாளிடம் கேட்டு, இனிஷியலோடு அடித்தாள். முப்பத்தொரு வரிகளை நீக்கினாள். ஒரு பொத்தானைத் தட்டினாள்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். விருத்தாசலத்து வெப்பத்துக்கும் உலகத்தின் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள உறவு என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்த எண் 0.714. இப்போது அது 0.716 ஆகியிருந்தது. சொல்லியிருந்ததெல்லாம் சொன்னபடியே நின்றது.

"மூணாவது தசமம்," என்றான் திலீபன். மதியச் சாப்பாடு போன துக்கம் அவன் குரலில் இருந்தது. "இந்த மூணாவது தசமத்துக்கா காலைலேருந்து அலைஞ்சோம்? அப்படியே வுட்டிருந்தாக்கூட ஒண்ணும் ஆயிருக்காது."

ராஜாம்பாள் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். பழைய எண்ணையும் புது எண்ணையும் விரல் வைத்து மாறி மாறிப் பார்த்தாள்.

"மாறியிருக்குது இல்ல?" என்றாள். "அப்ப நான் லெட்டர் போட்டது சரிதான்."